எங்கள் வீட்டுக் குடிகாரர்கள்

எங்கள் வம்சத்தில் ஆண்கள் எல்லோரும் குடித்தே செத்தார்கள் என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். கொள்ளுத்தாத்தா வண்டியோட்டி, போதையில் தன் வண்டிச் சக்கரத்திலேயே விழுந்தார். தாத்தா கொத்தனார், போதையில் சாரத்திலிருந்து விழுந்தார். அப்பா கிடங்கில் மூட்டை தூக்கியவர். அவருக்கு விழ உயரம்கூடத் தேவைப்படவில்லை, நடைபாதையிலேயே விழுந்து விழுந்து ஐம்பதைத் தொடாமல் முடிந்துபோனார். தெருவில் எங்களுக்குப் பெயர் 'தள்ளாடி வீடு'. தபால்காரர் கதவு எண்ணைப் பார்த்ததே இல்லை.

அதனால், குடித்துவிட்டு வேலைக்கு வந்தான் என்று அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அண்ணனை வெளியே அனுப்பியபோது தெருவில் யாருக்கும் அது செய்தியாகவே தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. அண்ணன் குடிக்கமாட்டான். அப்பாவைப் பார்த்து வளர்ந்தவன். நண்பர்கள் பாட்டிலைத் திறந்தால் செருப்பைத் தேடுகிறவன்.

அவனுக்கு வெட்டு இயந்திரத்தில் வேலை. அட்டையைச் செருகி, கையை வெளியே எடுத்துவிட்டு, பெடலை மிதிக்க வேண்டும். கையை எடுக்காமலே மிதிக்கப் போயிருக்கிறான். பக்கத்தில் நின்றவன் இழுத்துப் போட்டதால் விரல்கள் மிஞ்சின. மேற்பார்வையாளர் ஓடிவந்து அவன் காலரை மோந்து பார்த்துவிட்டு, "நாறுதுய்யா" என்றிருக்கிறார்.

"நான் தொடவே இல்லடி. உன் மேல சத்தியம்" என்றான் அண்ணன்.

"என் மேல எதுக்கு? உன் மேல பண்ணு."

"சட்டையில எப்படி வந்துச்சுன்னே தெரியல. எனக்கு எந்த வாசனையும் தெரிஞ்சு ரொம்ப நாளாச்சு."

அடுத்த வாரம் விசாரணை. குடி என்று முடிவானால் வேலை போகும். இத்தனை வருட உழைப்புக்கு ஒரு வணக்கம்கூட மிஞ்சாது. நோய் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால் இயந்திரத்திலிருந்து எடுத்து, உட்கார்ந்து பெட்டி மடிக்கும் வேலை தந்தே ஆகவேண்டும். சங்கச் செயலாளர் இதை என்னிடம் அழுத்திச் சொன்னார். நான் அண்ணனை மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

மருத்துவர் ஒரு நடுத்தர வயதுப் பெண். நாக்கை நீட்டிப் பிடிக்கச் சொன்னார். நீட்டினான், அது தானாக உள்ளே போனது. மறுபடி நீட்டினான்; மறுபடி போனது. நடக்கச் சொன்னார். நடந்தான். அப்பாவே எழுந்து நடப்பது போல இருந்தது.

"வீட்ல வேற யாராவது இப்படி நடந்தாங்களா?"

"எல்லாரும். எல்லாரும் குடிகாரங்க."

"அவங்க குடிச்சதை யார் பார்த்தா?"

யார் பார்த்தது? அப்பாவின் மேல் வாடை அடிக்கும். அவர் கையில் பாட்டிலை நான் பார்த்ததே இல்லை.

நரம்பில் வரும் பரம்பரை நோயாக இருக்கலாம் என்றார். பெரும்பாலும் நடு வயதில், சிலருக்கு அதற்கு முன்பே தலைகாட்டும், கை கால், பேச்சு, மோப்பம், புத்தி என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளும், மருந்து கிடையாது. பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி. ரத்தப் பரிசோதனை முடிவு வர மாதமாகும்.

"மூணு தலைமுறை விவரம் விசாரிச்சுட்டு வாம்மா. தெளிவா இருந்தா விசாரணைக்கு நான் கடிதம் எழுதறேன்."

உயிரோடு இருப்பது பெரியத்தை ஒருத்திதான், அப்பாவின் அக்கா. அவளுக்குத் திமிர், யார் வீட்டு வாசலும் மிதிக்கமாட்டாள் என்பார்கள். போய்ப் பார்த்தபோது பின்னறையில், கதவு சாத்தி, கட்டிலில் கிடந்தாள். தோள் ஒரு பக்கம் வெட்டி இழுத்தது. தலை யாருக்கோ 'இல்லை இல்லை' என்று சொல்லிக்கொண்டே இருந்தது. சொற்கள் குழைந்துதான் வந்தன, குசும்பு குழையவில்லை.

"வாடி மருமகளே. பட்டதாரிக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

"அத்தை, தாத்தா என்ன குடிப்பாரு?"

சிரித்தாள். கட்டிலும் சேர்ந்து ஆடியது. "எங்கப்பனா? அந்த மனுஷனுக்கு இருமல் மருந்து குடுத்தாலே குமட்டும்."

"அப்ப சாரத்துல இருந்து விழுந்தது?"

"கால் அவர் பேச்சைக் கேக்கல, விழுந்தாரு. அவங்கப்பனுக்கும் அதே கதைதான்."

"பின்ன எதுக்குக் குடிகாரன்னாங்க?"

"எங்கம்மா மூளைடி அது. எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கிட்டிருந்த நேரம். வந்தவங்க அப்பா நடையைப் பார்த்துட்டு, 'என்ன வியாதி?'ன்னாங்க. அம்மா பட்டுன்னு, 'வியாதியா? குடி'ன்னா. அவ்வளவுதான், அவங்க முகம் தெளிஞ்சிருச்சு! குடி எந்த வீட்டுல இல்ல? அன்னைக்கே பேசி முடிச்சுட்டாங்க. அதுக்கப்புறம் அவர் வெளிய கிளம்பினா துண்டுல ரெண்டு சொட்டு சாராயம் தெளிச்சுத்தான் அனுப்புவா. உங்கப்பாவுக்கு உங்கம்மா தெளிச்சா. மாமியார்கிட்ட கத்துக்கிட்டது."

"உங்களுக்கு?"

"பொம்பளை மேல தெளிக்க முடியுமா? எனக்குத் திமிருன்னுட்டாங்க. கதவைச் சாத்திட்டாங்க."

வீட்டுக்கு வந்தபோது அம்மா அண்ணனின் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். நான் அதைப் பிடுங்கிக் காலரை மோந்தேன். அம்மா மறைக்கவில்லை.

"எதிர்வீட்டுக்காரி கேட்டா, உன் மகன் என்ன காலை இப்படிப் போடறான்னு. அதான் நாலு சொட்டு."

"அவனை வேலையை விட்டே தூக்கப் போறாங்கம்மா!"

"உங்கப்பாவை ரெண்டு நாள் நிறுத்தி வைப்பாங்க. திட்டிட்டுத் திரும்பக் கூப்பிட்டுக்குவாங்க. இவனையும் அப்படித்தான்னு நினைச்சேன்." குரல் ஒரு கணம் உடைந்தது. உடனே சரிசெய்துகொண்டாள். "நோயின்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கு உன்னை யார் கட்டுவா? அவன் பொண்ணை யார் கட்டுவா? படிச்சுட்டா எல்லாம் தெரிஞ்சுடுமா?"

"கட்டலைன்னா செத்தா போயிடுவோம்?"

"கட்டினதாலதாண்டி நீ பொறந்த."

"தெரிஞ்சேதான் நீ அப்பாவைக் கட்டினியா?"

சட்டையை என் கையிலிருந்து வாங்கி மறுபடி மடித்தாள். "எனக்கும் குடிகாரன்னுதான் சொன்னாங்க. கட்டிக்கிட்டா திருந்திடுவான்னாங்க. திருத்தலாம்னு நானும் ரெண்டு வருஷம் காத்துக்கிட்டிருந்தேன்."

அவளைத் திட்ட வைத்திருந்த சொற்கள் எல்லாம் அவளுக்குப் பொருந்தாமல் போயின. கோபம் மட்டும் போகவில்லை. அது போய் நிற்க இடமில்லாமல் தலைமுறை தலைமுறையாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

அண்ணன் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"பாப்பாவுக்கும் வருமா?"

அவன் மகளுக்கு எட்டு வயது. எனக்கு மழுப்பத் தெரியாது. "பாதிக்குப் பாதி" என்றேன். "எனக்கும் அதேதான்."

அண்ணியிடம் அவனே சொன்னான். அவள் எழுந்து போய்ப் பாப்பாவைக் கட்டிக்கொண்டு படுத்தாள்.

மருத்துவரிடம் போய் யார் யார் எந்த வயதில் எப்படி விழுந்தார்கள் என்று சொன்னேன். அவர் ஆணுக்குச் சதுரமும் பெண்ணுக்கு வட்டமும் போட்டு, நோய் இருந்தவர்களைக் கறுப்பாக்கிக்கொண்டே வந்தார். கீழ் வரிசைகளில் என் வட்டமும் பாப்பாவின் வட்டமும் வெள்ளையாக நின்றன. கேள்விக்குறி போட்டார். கடிதமும் எழுதிக் கொடுத்தார்.

விசாரணை, மேலாளரின் அறையில். ஒரு நீள மேசை, அட்டைத் தூசி படிந்த மின்விசிறி. மேலாளர், மேற்பார்வையாளர், சங்கச் செயலாளர், சாட்சி சொல்ல அங்கேயே வேலை செய்யும் எங்கள் தெருக்காரர்கள் இரண்டு பேர். இந்த அறையில் தும்மினால் சாயங்காலம் எங்கள் தெருவில் ஆயுசு நூறு என்பார்கள். கடிதம் என் பையில்.

"குடிச்சிருந்தியா?" என்றார் மேலாளர்.

"குடிச்சிருந்தேன் சார்" என்றான் அண்ணன்.

செயலாளர் என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் யாரையும் பார்க்கவில்லை.

"என்ன குடிச்ச?"

அதை அவன் யோசித்து வைக்கவில்லை. பெயர் தெரியாமல் முழித்தான். "பிராந்தி" என்றான் கடைசியில்.

"எவ்வளவு?"

"ரெண்டு சொம்பு."

அறையே சிரித்தது. மேற்பார்வையாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு சொம்பு குடிச்சவன் வேலைக்கு வரமாட்டான்யா, வேற எங்கயோ போயிருப்பான்!" அண்ணனும் அவர்களோடு சேர்ந்து சிரித்தான். முப்பத்தைந்து வயதில், வாழ்க்கையில் முதல்முறையாகக் குடிக்கிறான், அதுவும் வெறும் வாய்ப்பேச்சில்.

நான் எழுந்து பையைத் திறந்தேன். "சார், இவன் பொய் சொல்றான். இவனுக்கு..."

"உட்காரு" என்றான். "அது என் உடம்பைப் பத்தின கடுதாசி. குடு."

கையை நீட்டினான். அந்தக் கை நிற்கவே இல்லை. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பார்த்து, குடியின் நடுக்கம் என்று தலையாட்டிக்கொண்டார்கள். நான் கொடுத்தேன். பிரிக்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். குடித்ததை ஒப்புக்கொள்ளும் காகிதத்தை நீட்டினார்கள், கையெழுத்து மூன்று திசையில் போனது.

வெளி வாசலில் அம்மா காத்திருந்தாள். "வேலை போச்சும்மா" என்றான். "குடிச்சேன்னு சொல்லிட்டேன்." அம்மா முந்தானையால் வாயைப் பொத்தி அழுதாள். ஆனால் அந்த அழுகைக்கு முன்னால் அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்து போனது. அதை நான் பார்த்தேன். அதை நான் மன்னிக்கப் போவதில்லை.

சாயங்காலம் படியில் உட்கார்ந்திருந்தோம், அவனும் நானும். தெருவில் பிள்ளைகள் சுண்ணக்கட்டியால் கட்டம் போட்டு நொண்டி விளையாடினார்கள். எதிர்வீட்டுப் பெண், "உங்கப்பா குடிகாரராம், விரட்டிட்டாங்களாம்" என்றாள்.

பாப்பா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உங்கப்பா மட்டும் என்ன, மோரா குடிக்கிறாரு?"

விளையாட்டு நிற்கவில்லை. அண்ணன் என் பக்கம் திரும்பினான். "பார்த்தியா? அவ்வளவுதான் பேச்சு. முடிஞ்சுபோச்சு."

"பெரியவளானதும் யாரு அவகிட்ட சொல்றது?"

"நீதான். நீ மழுப்ப மாட்டியே."

"எனக்கே வந்திருந்தா?"

அவன் பாப்பா பக்கம் திரும்பிக்கொண்டான்.

பாப்பாவின் முறை வந்தது. ஒரு காலை மடக்கிக்கொண்டு முதல் கட்டத்துக்குள் தாண்டினாள், பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. நாங்கள் இருவரும் மூச்சுவிடாமல் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.