கயிற்றைத் தாண்டி நீண்ட கை

"மெதுவாடா ஃப்லோமோ. வெளியே யாரும் சோறு போட்டு வச்சுக்கிட்டுக் காத்திருக்கல," என்றாள் கோர்ட்டோ.

ஃப்லோமோவைப் போல அவளும் நர்ஸ்தான். ஆனால் இந்த முகாமில் அவள் ஊசி போடுவதில்லை. எபோலா வார்டிலிருந்து வருகிறவர்கள் பாதுகாப்பு உடையைக் கழற்றும்போது, நோய்ப் பகுதியைப் பிரிக்கும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்வாள். உடையைப் போடுவதில் அவ்வளவு ஆபத்தில்லை, கழற்றுவதில்தான். நோய் வெளிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும். அது தோலில் படக் கூடாது. அதனால் உடையை உட்பக்கம் வெளியே வரும்படி சுருட்டிச் சுருட்டி இறக்க வேண்டும். ஒவ்வொன்றையும் கழற்றிய பிறகு கையுறையோடு குளோரின் தண்ணீரில் கை கழுவ வேண்டும். வெக்கையில் அவிந்து வருகிறவனுக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்காது. ஞாபகமாய் இருப்பதே அவள் வேலை. அவள் நிற்கத் தொடங்கிய பிறகு, இந்த வழியாய் வந்த ஒருவரும் நோயாளியாய் உள்ளே திரும்பவில்லை.

பழைய ஆஸ்பத்திரியில் அப்படியில்லை. கையுறைகூட ஒழுங்காய்க் கிடைக்காமல் வேலை பார்த்த நர்ஸ் கார்மாய் இப்போது நோயாளியாய் இந்த வார்டில்தான் கிடந்தாள். ஃப்லோமோ அவளைத்தான் கவனித்துக்கொண்டிருந்தான்.

"ஏப்ரன் போச்சு, மேல் கையுறை போச்சு. குனி, கண்ணை மூடு, கண்ணாடிய பின்னாலேர்ந்து தூக்கு."

"சரிங்க போலீஸ்காரம்மா."

கண்ணாடி கழன்றதும் வேர்வை அவன் முகத்தில் கொட்டியது. அந்த நேரம் பார்த்து ஆய்வகப் பக்கமிருந்து ஒரு குரல்: "கார்மாய்க்கு இந்தத் தடவையும் ரத்தம் சுத்தம்! வீட்டுக்குப் போகலாம்!"

"அக்கா!" என்று கத்தினான் ஃப்லோமோ. கோர்ட்டோவை நோக்கி அவன் கை கயிற்றைத் தாண்டி நீண்டது. லைபீரியாவில் சந்தோஷம் வந்தால் கை குலுக்கி, பிரியும்போது இருவர் விரலும் சேர்ந்து ஒரு சொடக்குப் போடும். நோய் வந்ததிலிருந்து யாரும் போடாத சொடக்கு. கோர்ட்டோவின் கையும் தானாக எழுந்துவிட்டது. இருவருக்கும் நடுவே ஒரு விரற்கடைதான்.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். அசடு வழியச் சிரித்த ஃப்லோமோ அதே கையைக் கண்ணைத் துடைக்கத் தூக்கினான்.

"கையக் கீழ போடு!"

முகாமே திரும்பிப் பார்த்தது. கை கண்ணருகே உறைந்து நின்றது.

"பட்டுச்சா?"

"இல்ல."

"பொய் சொன்னா இங்கயே உதைப்பேன்."

"சத்தியமா இல்லக்கா. கண்ணு எரியுது, தலை சுத்துது. சீக்கிரம் விடேன்."

"எரியட்டும். கண்ணை மூடிக்கிட்டு மூச்சு விடு. தொட்டிக்குப் போ, கை கழுவு. நான் சொல்ற வரைக்கும் கழுவு."

கழுவினான். தலைமூடியைத் தள்ளி, உடையைத் தோளிலிருந்து உரித்து, காலால் மிதித்து வெளியே வந்தான். பூட்ஸில் குளோரின் தெளித்தார்கள். முகமூடி, கடைசியில் உள் கையுறை. கயிற்றைத் தாண்டியபோது அவன் முகத்தில் ஒரு துளி பயமும் மிச்சமில்லை.

சற்று நேரத்தில் கார்மாய் குளித்து, புது லப்பாத் துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு வந்தாள். நோயை ஜெயித்த உடம்பு, தயங்காமல் தொடலாம். நேரே கோர்ட்டோவிடம் வந்தாள்.

"உன் சத்தம் உள்ள வரைக்கும் கேட்டுச்சு. பழைய ஆஸ்பத்திரியில எங்களுக்கு இப்படி ஒருத்தி இல்லாமப் போனா."

கையை நீட்டினாள். கோர்ட்டோ பற்றிக் குலுக்கினாள். பிரியும்போது சொடக்கு பளிச்சென்று வெடித்தது. தொட்டியருகே நின்றவர்கள் கைதட்டினார்கள்.

"அப்போ எனக்கு?" என்றான் ஃப்லோமோ.

"நீ இன்னும் உள்ள போய் வர்றவன், தொடக் கூடாது. அங்கயே நின்னு போடு."

தனியாய், தன் விரல்களிலேயே அவன் போட்டான். தலையை நிமிர்த்திக்கொண்டு கோர்ட்டோ பதில் சொடக்குப் போட்டாள். பிறகு கயிற்றுப் பக்கம் திரும்பினாள். அடுத்தவர் வெளியே வந்துகொண்டிருந்தார்.