டோவ்ரே லைனில் வாய் திறந்தவள்

டோவ்ரே கூட்டுறவு டெலிபோன் சங்கத்தில் இருபத்து மூன்று குடும்பங்கள். கம்பி ஒன்றே ஒன்று. யாருக்கு அழைப்பு வந்தாலும் இருபத்து மூன்று வீட்டுச் சுவரிலும் மணி அடிக்கும். இரண்டு நீளம், ஒரு குட்டை என்றால் செல்மா பிரெக்கேவுக்கு. ஒரு நீளம், மூன்று குட்டை என்றால் போர்கில்ட் ஆஸுக்கு. தனக்கான மணி இல்லையென்றால் போனை எடுக்கக் கூடாது என்பது சட்டம். எல்லோரும் எடுத்தார்கள்.

சங்கம் பிறந்ததே ரோஷத்தில்தான். 1909-ல் நகரத்து டெலிபோன் கம்பெனிக்காரர்கள், நாலு பண்ணை வீட்டுக்காக இத்தனை மைல் கம்பி இழுக்க முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் குடியேறிய நார்வேக்காரர்களுக்குக் கோபம் லேசில் வராது. வந்தால் லேசில் போகாது. தாங்களே மரம் வெட்டி நகரம்வரை கம்பம் நட்டார்கள். கம்பம் போதாத இடத்தில் முள்வேலியின் மேல்கம்பியிலேயே குரலை ஓடவிட்டார்கள். மாடு வேலியில் முதுகைச் சொறிந்தால் அங்கே இரண்டு பேரின் பேச்சு அறுந்துபோகும். ஆனாலும் சொந்த டெலிபோன்.

சங்கத்துக்குப் பதினான்கு விதிகள். ஒன்பதாவது விதி இது: அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்டதாக, பேசியவர்கள் அல்லாத இரண்டு சாட்சிகள் சொன்னால் போன் பிடுங்கப்படும். இருபத்தொன்பது வருஷமாக அந்த விதியை யாரும் தொட்டதில்லை. காரணம், கேட்பதற்கென்று ஒரு நாகரிகம் இருந்தது. சத்தமில்லாமல் எடுக்க வேண்டும். பேசுகிற குழாயைப் பாத்திரத் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். என்ன காதில் விழுந்தாலும், உலகமே இடிந்தாலும், வாயைத் திறக்கக் கூடாது.

1938 ஜனவரியில் செல்மா வாயைத் திறந்துவிட்டாள்.

மத்தியானம் இரண்டு மணி. பாத்திரம் கழுவி முடித்த போர்கில்ட், வழக்கம்போல் தன் அக்கா டில்டாவைக் கூப்பிட்டு, புளித்த கிரீம் கேக் செய்யும் விதத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கடைசியா சோடா உப்பு ரெண்டு ஸ்பூன் போடுக்கா."

செல்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ரெண்டா? கேக்கு சோப்புக்கட்டி மாதிரி ஆயிடும்! ஒண்ணு போதும்!"

கம்பியில் மூச்சுச் சத்தம்கூட நின்றுபோனது. பிறகு 'டக், டக், டக்' என்று இருபது வீடுகளில் போன் வைக்கும் ஓசை கேட்டது.

மறுநாளே போர்கில்ட் எழுத்து மூலம் புகார் கொடுத்தாள்.

செல்மாவின் வீடு லைனின் கடைசி வீடு. அடுத்த வீட்டுக்கு இரண்டு மைல். நவம்பரில் விழுந்த பனி ஏப்ரல்வரை அசையாது. கணவர் நெல்ஸ் நல்ல மனிதர்தான். ஆனால் அவரோடு பேசுவதும் அடுப்போடு பேசுவதும் ஒன்று. அடுப்பாவது நடுநடுவே படபடவென்று ஏதாவது சொல்லும். அந்த வீட்டில் மனிதக் குரல் என்று இருந்தது சுவரிலிருந்த மரப்பெட்டி மட்டும்தான். அது போய்விட்டால் பனிக்காலத்தை எப்படித் தள்ளுவது?

பிப்ரவரியில் ஆண்டுக் கூட்டம், தேவாலயத்தின் கீழ்த்தளத்தில். காப்பி கொதித்தது. செல்மா ஒரே ஒரு முடிவோடு போயிருந்தாள்: மூச்சு விடக் கூடாது. இரண்டு சாட்சிகள் வேண்டும். சாட்சி சொல்ல வருகிறவன் தானும் கேட்டதாக ஒப்புக்கொள்ள வேண்டும். யார் வருவார்கள்?

கூட்டத்தில் தூங்காமல் இருக்கக்கூடியவர் என்ற ஒரே தகுதியால் தலைவரான பால்மர் டோலிஃப்சன் சுத்தியலைத் தட்டினார்.

"நம்ம சங்கத்துல ஒட்டுக்கேக்குற ஜென்மம் ஒண்ணுகூடக் கெடையாது. அதனால சாட்சி இருக்காதுன்னு நெனைக்கிறேன். இருக்கா?"

எல்லோரும் காப்பிக் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள்.

"அப்ப புகார் தள்ளு..."

"இருங்க தலைவரே! நடந்ததை நான் சொல்லிடறேன்," என்று எழுந்தாள் போர்கில்ட். "நான் பாட்டுக்கு அக்காகிட்ட சொல்லிட்டிருக்கேன். மூணு முட்டை, ஒரு கப்பு கிரீம்..."

"ரெண்டு முட்டை," என்றது பின்வரிசை.

கம்பி பழுது பார்க்கும் ஆல்வின் ஹெகேதான். சொன்ன பிறகுதான் சொன்னது அவனுக்கே உறைத்தது.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் போர்கில்ட்.

"அது... லைன் சும்மா இருக்கான்னு பாக்க எடுத்தேன்."

"எவ்வளவு நேரம் பாத்தே?"

"ஜாதிக்காய்த்தூள் வரைக்கும்."

"மூணு முட்டைதான்!" என்று பக்கத்திலிருந்து அவன் மனைவி சீறினாள். "அவர் ஏதோ தூக்கத்துல கேட்டுட்டு உளர்றாரு."

"ஜாதிக்காயா? பட்டைன்னு இல்ல என் காதுல விழுந்துச்சு?" என்றது இன்னொரு வரிசை.

"பட்டை போன வாரத்துக் கேக்கு! அது வேற!"

"அதான் எங்க வீட்டுது கசந்துச்சா?"

பால்மர் சுத்தியலால் மேஜையைப் பிளந்தார். "அமைதி! அமைதி! முட்டைப் பேச்சு முதல்ல வரவேயில்ல! முதல்ல வந்தது மார்ட்டினோட மூலவியாதி!"

போர்கில்டின் கணவர் மார்ட்டின் ஆஸ் கோப்பையைக் கீழே வைத்து, சிரமப்பட்டு எழுந்து, ஒவ்வொரு படியாக மேலே ஏறிப் போய்விட்டார்.

விதிப்படி பார்த்தால், பேசிக்கொண்டிருந்த அக்கா தங்கை தவிர இருபத்தொரு வீட்டுப் போனையும் பிடுங்க வேண்டும். தலைவர் வீட்டுப் போன் உட்பட. மிச்சமுள்ள இரண்டு போனுக்காக முப்பது மைல் கம்பியா?

பால்மர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். டோவ்ரேக்காரர்கள் தப்பை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்; விதியைத் திருத்துவார்கள். பத்தே நிமிஷத்தில் திருத்தம் தயாரானது: 'லைனில் கேட்பது உறுப்பினரின் உரிமை. தனக்கு அழைப்பில்லாதபோது பேசுவதே குற்றம். சாட்சிகள் இன்றே சொல்லிவிட்டபடியால் நடப்புப் புகாருக்கும் இது பொருந்தும்.'

கைகள் உயர்ந்தன. நெல்ஸின் கையும் உயர்ந்தது.

"ஏங்க!" என்று செல்மா அவர் விலாவில் இடித்தாள். "என்னத்துக்குத் தூக்குறீங்கன்னு தெரியுதா?"

"எல்லாரும் தூக்குனாங்க," என்றார் நெல்ஸ்.

ஆக, இருபத்து மூன்று குடும்பங்களில் குற்றவாளி ஒரே ஒருத்தி. வரும் திங்கட்கிழமை ஆல்வின் வந்து போனைக் கழற்றுவான் என்று தீர்மானமானது.

வாசலில் பால்மர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இந்தா பாரு செல்மா. திங்கக்கிழமை வரைக்கும் வாயைக் கட்டிக்க. ஒரு மன்னிப்புக் கடுதாசி எழுதிக் குடு. கமிட்டில நான் பேசிப் பாக்கறேன். ஆனா அதுக்குள்ள ஒரு வார்த்தை லைன்ல கேட்டுச்சோ, அப்புறம் சாமியே வந்தாலும் முடியாது."

திங்கட்கிழமை கொடுப்பதற்காகச் செல்மா அன்றே மன்னிப்பு எழுதிவைத்தாள். வியாழன், வெள்ளி, போனை எடுக்கும்போதெல்லாம் உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நகரத்து மாட்டு டாக்டருக்கு அழைப்பு போனது. பேசியது போர்கில்ட்.

"டாக்டர்! மாடு கன்னு போடுது! ஒரு கால்தான் வெளிய வந்திருக்கு!"

"யாரு? சத்தமாப் பேசுங்க!"

"காலு! ஒத்தக் காலு!"

"ஒண்ணும் கேக்கல. வேலிக்கம்பி அறுந்துபோச்சா?"

வேலிக்கம்பிக்கு ஒன்றுமில்லை. ஒவ்வொரு வீட்டில் போனை எடுக்கும்போதும் குரலில் கொஞ்சம் தேயும். முன்பு நகரத்து அழைப்பென்றால் பயந்து பயந்து பத்துப் பேர்தான் எடுப்பார்கள். இப்போது கேட்பது உரிமையாகிவிட்டதே! வீட்டுக்கு வீடு நாற்காலி போட்டு உட்கார்ந்து உரிமையை அனுபவித்துக்கொண்டிருந்தார்கள்.

போர்கில்டின் கத்தல் அழுகையாக மாறியது. "அது செத்துரும் டாக்டர்..."

செல்மா மேஜைமேல் இருந்த மன்னிப்புக் கடிதத்தைப் பார்த்தாள். இன்னும் இரண்டே நாள். சுவரைப் பார்த்தாள். பிறகு துணியைக் குழாயிலிருந்து எடுத்து எறிந்தாள்.

"எல்லாரும் போனை வைங்க!"

ஒரு 'டக்' கூட இல்லை. அவள் மற்றவர்களைச் சொல்கிறாள் என்றே ஒவ்வொருவரும் நினைத்தார்கள்.

"சரி, பேரைச் சொல்லியே சொல்றேன். ஆல்வின், உங்க வீட்டுக் கடிகாரம் டிக் டிக்குன்னு அடிக்குது. வை கீழே."

டக்.

"டில்டாக்கா, தங்கச்சி மாட்டைப் பத்தி அவளே உங்களுக்கு ரெண்டு மணிக்குச் சொல்லுவா."

டக்.

"தலைவரே, மூக்கை உறிஞ்சறது யாருன்னு எனக்குத் தெரியாதா? வைங்க!"

மிக மரியாதையான ஒரு டக். அதன்பின் பொலபொலவென்று உதிர்ந்தன.

"டாக்டர், இப்ப கேளுங்க," என்று சொல்லிவிட்டுச் செல்மாவும் வைத்தாள். அந்த அழைப்பின் மிச்சத்தைக் கேட்காமல் இருந்தது அவள் வாழ்க்கையிலேயே பெரிய தியாகம். பசுவும் கன்றும் பிழைத்த செய்தியை மத்தியானம் இரண்டு மணி பேச்சில்தான் தெரிந்துகொண்டாள்.

மன்னிப்புக் கடிதம் அடுப்புக்குப் போனது. இனி அதை யார் படிக்கப் போகிறார்கள்?

திங்கட்கிழமை ஆல்வின் கருவிப் பெட்டியோடு வந்தான். முகத்தைப் பார்க்காமல், "மன்னிச்சுக்கக்கா, தீர்மானம் தீர்மானம்தான்," என்று திருப்புளியை எடுத்தான். முதல் திருகாணியில் வைத்தபோது மணி அடித்தது. இரண்டு நீளம், ஒரு குட்டை.

"ஆல்வின் அங்க இருக்கானா?" போர்கில்டின் குரல், பக்கத்தில் நின்ற ஆல்வினுக்கும் கேட்கிற அளவுக்கு.

"இருக்கான்."

"அவன்கிட்ட சொல்லு. தீர்மானத்தை மாத்தச் சொல்லல. நான் குடுத்த புகார் குடுத்ததுதான். ஆனா இந்தக் குளிர்ல திருகாணியைத் தொட்டா உடைஞ்சிடும். பனி உருகட்டும்."

"ஆமாமா, கட்டாயம் உடையும்," என்றது ஒரு ஆண் குரல், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

சங்கத் தலைவர் அடுத்தவர் அழைப்பில் வாயைத் திறந்துவிட்டார்.

"யாரது பேசுனது?" என்றாள் செல்மா.

ஆல்வின் திருப்புளியைப் பெட்டியில் போட்டு மூடினான். "எனக்கு ஒண்ணும் கேக்கலக்கா. காப்பி இருக்கா?"

பனி உருகியதும் உழவு வந்தது. உழவு முடிந்ததும் அறுப்பு வந்தது. ஒவ்வோர் ஆண்டுக் கூட்டத்திலும் அந்தத் தீர்மானம் ரத்து செய்யப்படாமல், நிறைவேற்றப்படாமல், ஒருமனதாக அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. ஏற்கெனவே தண்டனை பெற்றவள் என்பதால் லைனில் பேச முழுச் சுதந்திரம் உள்ள ஒரே ஆள் செல்மாதான் என்பதை எல்லோரும் புரிந்துகொண்டார்கள்.

மத்தியானம் இரண்டு மணிக்குப் போர்கில்ட் அக்காவைக் கூப்பிடுவாள். "கொஞ்சம் இரு அக்கா, ஒரு நிமிஷம்," என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பாள்.

"இன்னிக்கு வடக்குப் பக்க வீடுங்க மட்டும் கேளுங்க," என்பாள் செல்மா. "தெக்குப் பக்கம் நாளைக்கு."

டக், டக், டக்.

"ஆச்சு போர்கில்ட். பேசு."