மேடையில் ஒரு ஜாமீன்தாரர்

எம்.ரெட்டியபட்டி இருளப்பசாமி அன்று அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறியது ஜாமீன் நிற்க. ஒன்றுவிட்ட தங்கை சந்தனம்மாளின் மகன் மாரிசெல்வம், கண்மாய்த் தண்ணீர்ச் சண்டையில் ஒருத்தன் மண்டையை உடைத்துவிட்டு ரிமாண்டில் கிடந்தான். ஜாமீன் உத்தரவு வந்தாயிற்று. நிலபுலம் உள்ள ஆள் கோர்ட்டில் நேரில் வந்து நிற்பதுதான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை அவன் தங்கைக்குக் கல்யாணம். 'அண்ணன்காரன் பந்தல்ல நின்னாத்தான் தாலி' என்று மல்லாங்கிணற்று மாப்பிள்ளை வீட்டார் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அன்று வெள்ளி.

வழியில் கல்யாண மண்டபம். நாட்டின் குற்றவியல் சட்டங்களைத் திருத்துவதற்காக, டில்லியில் போட்ட குழு பொதுமக்கள் கருத்தைக் கேட்க வந்திருந்தது. பொதுமக்கள்தான் போதவில்லை. வக்கீல் ஒருவர் வாசலில் நின்று, வேட்டி வெளுப்பாக இருந்தவர்களையெல்லாம் பொதுமக்களாக்கி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, விவசாயிக சார்பா ரெண்டு வார்த்தை."

"கோர்ட்டுல தங்கச்சி நிக்குதே."

"கோர்ட்டு எங்க ஓடிப்போகுது? மேடையில நாற்காலி போட்டிருக்கு, பாருங்க."

நாற்காலி என்றதும் இருளப்பசாமியின் இடுப்பு தானாக மடங்கியது.

குழுத் தலைவர் சாப்பிட்டுவிட்டு வந்தார். சால்வைகள் முடியவே நேரமாயிற்று. ரைஸ்மில் முதலாளி எல்லாக் குற்றத்துக்கும் தூக்குக் கேட்டார். ரிடையர்டு தலைமையாசிரியர் குறளில் தொடங்கி, முடிக்க மறந்தார். தலைவர் கண்ணயர்ந்தார். வெயில் இறங்கிய பிறகுதான் இருளப்பசாமியின் முறை.

"ஐயாமாரே, சட்டத்துல குத்தமில்ல, தாமசந்தான் குத்தம். வெளிய வர வேண்டியவன் ஒருநாள் கூடுதலா உள்ள கிடந்தா, அதுக்கு யாரு பதில் சொல்றது?"

கைதட்டலில் தலைவர் விழித்து, குறித்துக்கொள்ளச் சொன்னார். இருளப்பசாமி அதையே வேறு வார்த்தைகளில் இன்னும் இரண்டு தரம் சொன்னார்.

சால்வையோடு அவர் போய்ச் சேர்ந்தபோது கோர்ட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். இனித் திங்கட்கிழமைதான். மகனுக்கு எடுத்த புதுவேட்டியை மடியில் வைத்துக்கொண்டு சந்தனம்மாள் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"மைக்குக் கொழாயில கேட்டுச்சுண்ணே. நல்லாப் பேசுனீக."

"வந்து கூப்பிட்டிருக்கலாமே, தாயி."

"வந்தேன். 'பொதுமக்க எல்லாம் உள்ள இருக்காக, நீ யாரு'ன்னுட்டாரு வக்கீலு."

மறுநாள் இருளப்பசாமி மல்லாங்கிணற்றுக்குப் போய் மாப்பிள்ளையின் அப்பாவைக் கையெடுத்துக் கும்பிட்டார். காபி கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் பந்தலுக்கு மட்டும் வரவில்லை.

திங்கட்கிழமை கோர்ட்டு திறக்குமுன் போய் நின்று கையெழுத்துப் போட்டார். சாயங்காலம் வெளியே வந்த மாரிசெல்வம், தாடியைச் சொறிந்துகொண்டு சிரித்தான்.

"மாமா, தாலி எத்தனை மணிக்குக் கட்டுனாக? எனக்குப் பதிலா யாரு நின்னா?"

இருளப்பசாமி அவன் கைப்பையை வாங்கிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் முன்னால் நடந்தார்.