கரகல்லா குளியல்கூடமும் பஸ் டிரைவரும்

நாளைக்குள் தங்கைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். "தனியா ரோம்ல என்னடி பண்றே, வீட்டைக் காலி பண்ணிட்டு இங்க பாரி ஊருக்கு என்கிட்ட வந்துடு" என்று ஒரு மாதமாக நச்சரிக்கிறாள். நானோ எதிர்வீட்டு குவால்தியேரோ வாயைத் திறந்து "போகாதே" என்று சொல்லமாட்டாரா என்று காத்துக்கொண்டிருக்கிறேன். அவரும் தனிக்கட்டை, நானும் தனிக்கட்டை. இரண்டு வருடமாகக் காலைக் காப்பி ஒன்றாகத்தான். ஆனாலும் மனுஷன் வானிலையைத் தாண்டி எதுவும் பேசமாட்டார்.

இன்று மாதத்தின் முதல் ஞாயிறு, நுழைவுக் கட்டணம் கிடையாது. கரகல்லா என்ற பழைய ரோமானிய ராஜா கட்டிய குளியல்கூடத்தின் இடிபாடுகளைப் பார்க்கக் கூப்பிட்டார்.

"அந்த ரோட்டுல முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன் நான். எல்லாம் அத்துப்படி!"

உள்ளே போனதும், வானத்தை முட்டும் செங்கல் சுவரைக் காட்டினார். "இதுதான் வெந்நீர்க் கூடம். ராஜா இங்கதான் உக்காந்து வேர்ப்பாரு."

"ஏங்க, பலகையில பச்சத்தண்ணிக் கூடம்னு போட்டிருக்கே?"

"எழுதினவன் மிலான்காரனா இருப்பான். அவனுக்கு ரோமைப் பத்தி என்ன தெரியும்?"

அடுத்து, வெளியே போகும் வழி என்று ஒரு முட்டுச்சுவருக்குக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி நடந்தால் இன்னொரு முட்டுச்சுவர்! எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு.

"உண்மையச் சொல்லுங்க. இதுக்கு முன்னாடி உள்ள வந்திருக்கீங்களா?"

"பஸ்லேருந்து தினம் பாத்திருக்கேனே!" என்றார். காது சிவந்துவிட்டது. "எந்த ரோம்காரன் இதையெல்லாம் வந்து பாக்கறான்? நீங்க வந்திருக்கீங்களா?"

நானும் வந்ததில்லைதான். ஆனால் விடுவேனா?

"அப்ப இன்னிக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

கீழே கிடந்த வண்ணக் கல் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஊரோட அழகைக் காட்டினா, விட்டுட்டுப் போக உங்களுக்கு மனசு வராதுன்னு நெனச்சேன்."

எனக்குக் கோபமான கோபம். கண்ணும் கலங்கித் தொலைத்தது.

"அட மனுஷா! ஒரு வார்த்தை சொல்றதுக்கு ராஜா கட்டின கட்டடமே வேணுமா உங்களுக்கு?"

"போகாதே எர்சிலியா" என்றார், ஒருவழியாக.

அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து தங்கைக்குப் போன் போட்டேன்.

"நான் வரலடி. அடுத்த மாசம் நாங்க கொலோசியம் பாக்கப் போறோம்."

"அறுபது வருஷமா எட்டிக்கூடப் பாக்காத கொலோசியமா?" என்று கத்தினாள். பிறகுதான் அவளுக்கு உறைத்தது. "ஏய், நில்லு. 'நாங்க'ன்னா யாருடி?"