டம்ளருக்குள் இரண்டு சீட்டு

பாலிகஞ்ச் பக்கமிருந்த அந்த ஆஸ்பத்திரியில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. பதினோரு நாளாக அமலாவும் ‘ஷாத் நம்பர் பேஷண்ட் பார்ட்டி’தான். வங்காளத்தில் ஷாத் என்றால் ஏழு. ஏழாம் நம்பர் கட்டிலில் கிடந்த மஹிமாவுக்கு அம்மா என்பதெல்லாம் அதற்குள் அடக்கம். காலையில் டாக்டர் அவளையும் கணவர் பிரேம்குமாரையும் கூப்பிட்டு, டீயில் சர்க்கரை போடவா வேண்டாமா என்று கேட்பது போலக் கேட்டுவிட்டுப் போனார். தலையை மறுபடி திறந்தால் பிள்ளை மேஜையிலேயே போய்விடலாம், பெரும்பாலும் போய்விடுவாள். திறக்காவிட்டால் இப்படியே கிடப்பாள், கண் விழிக்கமாட்டாள். ஐந்து மணிக்குள் பதில் வேண்டும். அதைக் கேட்டுக்கொண்டு நின்ற பிரேம்குமார், சட்டைப்பையில் பேனா இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டதை அமலா கவனித்தாள்.

அவர் சாந்த்ராகாச்சியில் சரக்கு ரயில் ஓட்டுகிறவர். சாயர்புரத்திலிருந்து வேலைக்கு வந்து இருபத்தாறு வருஷமாகிறது. எதையும் ஆண்டவரிடம் கேட்காமல் செய்யமாட்டார். கேட்பதென்றால் சும்மா இல்லை, இரண்டு சீட்டில் எழுதி மடித்து எவர்சில்வர் டம்ளரில் போட்டுக் குலுக்கி, ஜெபம் பண்ணி, ஒன்றை எடுப்பது. பிள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடம், லீவுக்கு ஊருக்குப் போகலாமா, ஒருமுறை பிரிட்ஜ் சிவப்பா நீலமா என்றுகூட. அண்டசராசரத்தைக் கட்டி ஆளுகிறவர் இவர்கள் வீட்டு பிரிட்ஜ் நிறத்துக்காக மெனக்கெட்டார் என்று மஹிமா விழுந்து விழுந்து சிரிப்பாள். குலுக்கினவர் எடுக்கக்கூடாது என்பது அவர் சட்டம். அதனால் எடுப்பது எப்போதும் அமலாவின் கை.

பிப்ரவரியில் மஹிமா ஸ்கூட்டி கேட்டாள். பாலிகஞ்சில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். பஸ்ஸில் ஒருவன் தினமும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டு நிற்கிறான் என்பதை அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள். “பாபாகிட்ட சொல்லாத மா, வேலையவே விடச் சொல்லிருவாரு.” பிரேம்குமார் வழக்கம்போல டம்ளரை எடுத்தார். அவர் ஜெபம் என்றால் லேசில் முடியாது. மிஷனரிமார், ராணுவத்தார், வியாதியஸ்தர், ரயில்வே மந்திரி என்று எல்லோரையும் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். அந்த நேரத்துக்குள் அமலா சீட்டை எடுத்துவிட்டாள், கண்ணையும் திறந்துவிட்டாள். ‘வேண்டாம்’ என்றிருந்தது. எதிரே மஹிமா கண்ணை இறுக மூடி, உள்ளங்கை இரண்டையும் சேர்த்து, சின்னப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள். ரயில்வே மந்திரி முடிவதற்குள் அமலா அதை உள்ளே போட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டாள். வாய் மட்டும் ஆமென் சொன்னது.

ஏழு மாதம் மஹிமா ஸ்கூட்டியில் போய் வந்தாள். செப்டம்பரில் ஒரு மழை நாளில், கோனா ரோட்டில் ஒரு லாரி.

பிரேம்குமார் அழுதார், ஆனால் உடைந்து போகவில்லை. வந்தவர்களிடமெல்லாம், “நாம கேட்டோம், அவரு வாங்குன்னாரு. அவரு தந்த வண்டி. இதுலயும் ஒரு சித்தம் இருக்கும்” என்றார். அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் அவர் நின்றுகொண்டிருந்தார். அதைத் தட்டிவிட அமலாவால் முடியவில்லை. சர்ச்சிலிருந்து சபை ஐயர் பார்க்க வந்தபோது லிப்ட் வரை கூடவே போய், மனுஷர் செய்கிற தப்பும் ஆண்டவர் சித்தத்தில் சேருமா என்று கேட்டாள். முன்னமே எல்லாம் குறித்தவர் அவர், ஆனாலும் தப்பு நம்முடைய தப்புதான் என்றார் ஐயர். அதெப்படி இரண்டும் இருக்க முடியும் என்றதற்கு, “அது ரெண்டும் சேர்ற இடம் நம்ம கண்ணுக்கு எட்டாதும்மா” என்று சொல்லிவிட்டு, லிப்ட் வந்ததும் ஏறிக்கொண்டார். நல்ல மனுஷர்தான், பொய் சொல்லவில்லை.

நாலரைக்கு பிரேம்குமார் கேன்டீனிலிருந்து திரும்பினார். பக்கத்தில் உட்கார்ந்து உள்ளங்கையை விரித்தார். டம்ளர் இல்லை, கையிலேயே இரண்டு மடித்த சீட்டு.

“ஜெபம் பண்ணிட்டேன். எடு அமலா.”

“நான் எடுக்க மாட்டேன்.”

“உன் கையிலதான எப்பவும் தருவாரு.”

அவள் சொல்லிவிட்டாள். கண்ணைத் திறந்தது, ‘வேண்டாம்’ என்று வந்தது, மாற்றியது, எல்லாவற்றையும். பஸ்ஸில் நின்றவனைப் பற்றியும் சொன்னாள். “அவரு வேண்டாம்னுதான் சொன்னாரு. நான்தான் பிள்ளைய ரோட்டுல விட்டேன்” என்றாள். அவர் அடிப்பார் என்று எதிர்பார்த்தாள். அடித்தால் தேவலை என்றிருந்தது.

பிரேம்குமார் விரித்திருந்த கையை மூடிக்கொண்டார். “நீ மாத்துவேன்னு அவருக்குத் தெரியாமலா இருக்கும்?” என்றார். “என் வண்டில ஸ்டீயரிங் உண்டுமா? சிக்னல் கேபின்ல போட்ட ரூட்டுலதான போறேன்.”

“பிரேக்கு உங்க கையிலதான இருக்கு? ஆளு குறுக்க வந்தா போடமாட்டியளா?”

“போடுவேன்” என்றார். “போட்டாலும் நிக்காது அமலா. அறுபது வேகன். ஒரு கிலோமீட்டர் போயித்தான் நிக்கும்.”

அவளைக் குற்றவாளி என்று சொல்லக்கூட ஆளில்லாமல் போய்விட்டது. குற்றம் இல்லையென்றால் மன்னிப்பை எங்கே போய்க் கேட்பது? அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. அவர் கையிலிருந்த இரண்டையும் பிடுங்கிப் பிரித்தாள். முதல் சீட்டில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. அடுத்ததும் வெறும் தாள்.

“எழுதத்தான் உக்காந்தேன்” என்றார் பிரேம்குமார். “கை வரல. நீ எதையாவது எடுத்து, வாயால வேணும், வேண்டாம்னு ஒண்ணச் சொல்லிருவேன்னு நெனச்சேன்.” இருபத்தாறு வருஷத்தில் முதல்முறையாக அந்த மனிதர் ஆண்டவர் பெயரைச் சொல்லாமல் அழுதார்.

ஒலிபெருக்கி ஷாத் நம்பரைக் கூப்பிட்டது. அவர் எழுந்திருக்கவில்லை. அமலா மட்டும் போனாள். கவுன்ட்டர் பெண் ஒரு தாளை நகர்த்தி, பென்சிலால் போட்டிருந்த இரண்டு பெருக்கல் குறிகளையும் காட்டினாள். “மாஷிமா, ஹேன் ஹோலே எக்கானே, நா ஹோலே எக்கானே.” சம்மதம் என்றால் இங்கே, இல்லையென்றால் இங்கே.

பேனாவை யாரும் தூக்கிக்கொண்டு போய்விடாமல் கவுன்ட்டர் கம்பியோடு நூலால் கட்டியிருந்தார்கள். அமலா அதை எடுத்து மேலே இருந்த குறி வரை இழுத்தாள். பிறகு கீழே. இரண்டுக்கும் எட்டுகிற அளவுக்கு நூல் இருந்தது.