ஒற்றைக் கோடு

ஆர்லனுக்குத் தொண்டை வலித்தது. வலித்தால் வலிக்கட்டும் என்று விடுகிற ஆள்தான் அவர். மாடு மிதித்துக் கால்விரல் உடைந்தபோதுகூட டாக்டர் வாசலை மிதிக்காதவர். ஆனால் விடிந்தால் ஞாயிறு, பேத்திக்கு ஞானஸ்நானம். மகள் கரீனுக்கு நாற்பத்தொரு வயதில் பிறந்த பிள்ளை, மூன்று வாரக் குழந்தை. தண்ணீர் ஊற்றும்போது தாயின் தகப்பன்தான் பிள்ளையை ஏந்தி நிற்க வேண்டும். அவர்கள் குடும்பத்தில் அப்படித்தான்.

கரீன் போனில் கறாராகச் சொல்லிவிட்டாள். "ஊரெல்லாம் ஸ்ட்ரெப் கிருமி சுத்துதுப்பா. கிளினிக்ல தொண்டையக் காட்டிட்டு வாங்க. கிருமி இருந்தா சர்ச் பக்கமே வராதீங்க."

காலைப் பால் கறந்து முடித்ததும், மனைவி வெர்னா அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள்.

நர்ஸ் டெஸ் நீளக் குச்சி ஒன்றை உறையிலிருந்து எடுத்தாள். நுனியில் பஞ்சு.

"வாயப் பெருசாத் திறங்க மிஸ்டர் ஸ்டூசி."

"அம்பது வருஷமா கன்னுக்குட்டி தொண்டையில குழாய் விட்டிருக்கேன். எனக்கே ஒருத்தி விடுவான்னு நினைக்கல."

குச்சி உள்நாக்கைத் தொட்டதுதான் தாமதம், குமட்டிக்கொண்டு வந்தது. வெடுக்கென்று கடித்துவிட்டார்.

"குச்சிய விடுங்க. அது எங்களுது."

"அம்பது வருஷமா வாய மூடுன்னு சொல்றேன், மூடல. இன்னிக்கு மூடுது பாரு!" என்றாள் வெர்னா.

டெஸ் இரண்டு பக்கமும் தடவி எடுத்துவிட்டாள். பஞ்சைச் சின்னக் குழாயில் இருந்த மருந்தில் கலக்கி, அதில் ஒரு மெல்லிய அட்டையை நிற்க வைத்தாள். "அஞ்சு நிமிஷத்துல வரேன். தொடாதீங்க" என்று அடுத்த அறைக்குப் போனாள். அங்கே ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

ஆர்லன் தொடவில்லை. கண்ணை மட்டும் எடுக்கவில்லை. ஈரம் மெல்ல ஏறியது. ஒரு கோடு சிவப்பாகத் தெரிந்தது. இரண்டாவதற்காகக் காத்திருந்தார். வரவில்லை.

இந்த அட்டை அவருக்குப் புதிதில்லை. மருந்து போட்ட மாட்டின் பாலைத் தொட்டியில் சேர்க்குமுன் இதே போன்ற அட்டையில்தான் பார்ப்பார். இரண்டு கோடு வந்தால் பால் சுத்தம். ஒன்றோடு நின்றால் பாலில் மருந்து இருக்கிறது, விற்கக் கூடாது. ஒருமுறை பார்க்காமல் விட்டதில் ஆலையில் ஒற்றைக் கோடு வந்து, ஒரு லாரிப் பால் சாக்கடைக்குப் போயிற்று. அன்றிலிருந்து ஒற்றைக் கோட்டைக் கண்டால் மறுபேச்சில்லாமல் பாலைக் கொட்டிவிடுவார்.

"வெர்னா, நாளைக்கு நீ மட்டும் போ."

அவளும் அட்டையைப் பார்த்தாள். பால் அறையில் பாதி வேலை அவளுடையது. முகம் வாடிப் போயிற்று.

"அப்ப யாரு ஏந்துறது?"

"மாப்பிள்ளையோட அப்பன்தான். இன்சூரன்ஸ் விக்கிறவன். அவன் கையில நான் ஒரு கன்னுக்குட்டியக்கூடக் குடுக்க மாட்டேன்."

டெஸ் சிரித்த முகத்தோடு வந்து அட்டையை எடுத்துப் பார்த்தாள். "நல்ல சேதி. கிருமி இல்ல."

"பொய் சொல்லாத பொண்ணே. கிழவன் மனசு நோகும்னு பார்க்கிறியா? ஒத்தக் கோடுன்னா என்னன்னு எனக்குத் தெரியும்."

டெஸ் ஒரு கணம் விழித்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். "பால் அட்டையச் சொல்றீங்களா? எங்கப்பாவும் மாடு வச்சிருக்காரு. பாலுல மருந்து இருந்தா அதுல ரெண்டாவது கோடு மறைஞ்சிரும். இது நேர் எதிரு. கிருமி இருந்தாத்தான் ரெண்டாவது கோடே வரும். முதல் கோடு, அட்டை வேலை செய்யுதுன்னு காட்ட."

"சொன்னா ஆச்சா? டப்பாவைக் கொண்டா."

கொண்டுவந்தாள். ஆர்லன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டப்பாவில் இருந்த படத்தையும் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வெர்னாவையும் பார்க்கச் சொன்னார். படத்தில் டெஸ் சொன்னபடியேதான் இருந்தது.

"அப்ப ஏன் வலிக்குது?"

"நேத்து என்ன பண்ணீங்க?"

வெர்னா முந்திக்கொண்டாள். "கிடாரிங்க வேலியத் தாண்டிச் சோளக்காட்டுல பூந்துருச்சு. இந்த ஆளு ஒரு மணி நேரம் கத்துச்சு. பக்கத்துப் பண்ணை மாடுங்ககூட பயந்து வீடு திரும்பிருச்சு."

"காய்ச்சல் இல்ல, சளி இல்ல. கத்துனதுதான்" என்றாள் டெஸ். "எதுக்கும் கையக் கழுவிட்டு, முகமூடி போட்டுத் தூக்குங்க. முத்தம் மட்டும் வேண்டாம்."

மறுநாள் சர்ச்சில் ஆர்லன் முகமூடியோடு நின்றார். இரண்டு கையிலும் பேத்தி. பாதிரியார் மூன்றாம் முறை தண்ணீர் ஊற்றியதும் பிள்ளை போட்ட கூச்சலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இன்சூரன்ஸ்காரர் காதைப் பொத்திக்கொண்டார்.

ஆர்லன் அவர் பக்கம் சாய்ந்தார். "இவ தொண்டை சுத்தம். இதுக்கு அட்டையெல்லாம் வேண்டாம்" என்றார்.