தரைப்பாலத்தின் இந்தப் பக்கம்

புயல் மழை விட்ட மறுநாள் காலை, சத்தியவேட்டுக்கு அப்பால் ஒரு தரைப்பாலத்தின் முன் எங்கள் வேன் நின்றது. பாலத்தின் மேல் முழங்கால் உயரம் செம்மண் வெள்ளம். அக்கரையில் கங்கையா கையசைத்துக்கொண்டிருந்தார். அவர் மகள் ரக்ஷிதாவுக்குச் சர்க்கரை நோய், இன்சுலின் தீர்ந்துவிட்டது. அதைத் திருப்பதியிலிருந்து கொண்டுவந்த தன்னார்வலர்கள் நாங்கள் மூவர். மருந்து டப்பா ஐஸுடன் பிரித்திகாவின் மடியில் இருந்தது.

எங்கள் கண்முன்னே அக்கரையிலிருந்து ஒரு டிராக்டர் பாலத்தைக் கடந்து வந்து, எங்களைத் தாண்டிப் போனது.

“பாத்தியாண்ணா? நாமளும் அதே மாரி போய்டலாம்,” என்றான் வேன் ஓட்டிய முரளி.

நான் சாவியை உருவிக்கொண்டேன்.

“இன்னாண்ணா இது? பொண்ணு அங்க சுருண்டுக்கினு கீது. பயந்தா வூட்லயே குந்தியிருக்கலாமில்ல?”

போன வருடம் இப்படி ஒரு பாலத்தில்தான் என் மனைவி தாட்சாயணி வெள்ளத்தோடு போனாள். ஷேர் ஆட்டோ. அதற்கு முன்னால் ஒரு லாரி பத்திரமாகக் கடந்திருந்தது. முரளிக்கும் இது தெரியும்.

“மருந்து போவட்டும். நாம போவ வேணாம்.”

“மருந்துக்கு இன்னா றெக்கையா கீது?”

இரு கரையிலும் மாமரங்கள். முரளி பங்காருபாளையத்துக்காரன், சீசனில் மாங்காய் பறிப்பான்.

“உச்சிக் கிளைக் காய அடிபடாம எப்படிடா இறக்குவ?”

“கூடைய கவுத்துல மாட்டி...” நிறுத்தினான். மரத்தைப் பார்த்தான். அடுத்த நிமிடம் வேன் மேலிருந்த தார்ப்பாய்க் கயிறுகளை அவிழ்த்து ஒன்றோடொன்று முடிந்துகொண்டிருந்தான்.

பிரித்திகா தன் கம்பெனியின் கிரிக்கெட் அணியில் ஆடுபவள். ஒரு கல்லில் சணலைக் கட்டி எறிந்தாள். தண்ணீரில் விழுந்தது.

“கேட்ச்சா புடிக்கிற, எறியத் தெரியல!” என்றான் முரளி.

“நீ வாய மூட்றியா?”

மறுபடி எறிந்தாள். கல் கங்கையாவின் காலடியில் விழுந்தது. அவர் சணலை இழுக்க, அதன் பின்னால் முடிந்திருந்த கயிறும் இன்னொரு நீளச் சணலும் போயின. எங்கள் பக்கம் உயரமாகவும் அவர் பக்கம் தாழ்வாகவும் மரங்களில் கட்டினோம். ஒரு கொக்கியில் டப்பாவை மாட்டிக் கயிற்றில் தொங்கவிட்டு, அவர் இழுப்பதற்காக இரண்டாவது சணலின் எங்கள் பக்க நுனியை டப்பாவில் கட்டிவிட்டோம்.

டப்பா கயிற்றில் வழுக்கிக்கொண்டு போனது. நடு ஓடையில், கயிற்று முடிச்சில் சிக்கி நின்றது. கீழே வெள்ளம். கங்கையா இழுத்தும் அசையவில்லை. முரளி கிளையில் ஏறிக் கயிற்றை உலுக்கினான். டப்பா துள்ளியது, முடிச்சைத் தாண்டியது.

“வச்சேசிந்தி! வந்துட்ச்சி!” என்று கத்தியபடி கங்கையா ஊருக்குள் ஓடினார்.

இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். கங்கையாவின் போன் வந்தது.

“ஊசி போட்டாச்சி நைனா. எய்ந்து குந்திக்கினா.”

முரளி ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. பிரித்திகா விசிலடித்தாள். யாரோ பெருங்குரலில் கத்தினார்கள். தொண்டை எரிந்தபோதுதான் அது நான் என்று தெரிந்தது.